கொம்பையா பீடியை விட்ட கதை

களக்காட்டு மலையில் ஓர் ஆண் இருவாச்சிப் பறவை இருந்தது. அலகுக்கு மேலே இன்னோர் அலகைக் கவிழ்த்து வைத்தது போல அதற்கு மஞ்சள் நிறத்தில் ஒரு கொம்பு. அதனால் கொம்பையா என்று பெயர். அதன் பெண்டாட்டி பெயர் பேச்சித்தாய்.

இருவாச்சிகளின் குடித்தனம் மற்றப் பறவைகளின் குடித்தனம் போன்றது அல்ல. முட்டையிடும் காலம் வந்ததும் பெண் பறவை ஒரு மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். மண்ணையும் எச்சத்தையும் குழைத்து வாசலைப் பூசி அடைத்துவிடும். அலகு நுழைகிற அளவுக்கு ஒரு கீறல் மட்டும்தான் மிச்சம். உள்ளே போனதும் இறகுகளை உதிர்த்துவிடும். மூன்று மாதம் பறக்க முடியாது. புருஷன் பழம் கொண்டுவந்து கீறல் வழியாக ஊட்டினால்தான் தாய்க்கும் பிள்ளைக்கும் சோறு. அவன் வராவிட்டால் அந்தப் பொந்துதான் இரண்டு பேருக்கும் சமாதி!

அந்த வருஷமும் பேச்சித்தாய் பொந்துக்குள் போய் வாசலைப் பூசியது. கீறல் வழியாக ஒரு கண்ணை மட்டும் காட்டிக் கேட்டது.

"ஏங்க, நேரத்துக்கு வந்துருவியளா?"

"நான் என்னைக்குப் பிள்ள வராம இருந்தேன்? ஒரே தடவையில நாப்பது அத்திப்பழத்தைத் தொண்டையில அடக்கிக்கிட்டு வாரேன் பாரு!"

சொன்னபடியே வந்தது. பக்கத்திலேயே பெரிய அத்திமரம் ஒன்று காய்த்துக் குலுங்கியது. கொம்பையா ஒரு நாளைக்கு எட்டு நடை போய் வந்தது.

இதைப் பார்த்து வயிறெரிந்தது ஒரு கருங்குரங்கு. பெயர் கருவாயன். 'இப்படி வாரிக்கொண்டு போனால் எனக்கு என்ன மிஞ்சும்?' என்று அது இலையைத் தின்றுகொண்டே யோசித்தது.

அந்தச் சமயம் மலையில் ரோடு போட வந்த ஆட்கள் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு கீழே போனார்கள். போகும்போது ஒரு சாக்கு மூட்டையை மறந்துவிட்டார்கள். மூட்டை நிறையப் பீடிக்கட்டு, தீப்பெட்டி. அந்த ஆட்கள் பீடியை இழுத்துக்கொண்டே மத்தியானச் சோற்றை மறந்து உட்கார்ந்திருந்ததைக் கருவாயன் எத்தனையோ நாள் கிளையிலிருந்து பார்த்திருக்கிறது. உடனே அதற்கு யோசனை பிறந்தது! ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு கொம்பையாவிடம் போனது.

"அண்ணாச்சி! ஒத்தை ஆளா எம்புட்டுத்தான் பறப்பிய? இந்தாங்க, இதை ஒரு இழுப்பு இழுங்க. களைப்பும் தெரியாது, பசியும் தெரியாது!"

"இது என்னலே, சுருட்டின இலை? உள்ள புழு இருக்கா?"

"புழுவா! பெரிய மனுசங்க சமாச்சாரம் அண்ணாச்சி. ரோடு போட்டவங்க எல்லாம் இதை இழுத்துத்தான் மலையையே குடைஞ்சாங்க!"

கொம்பையா ஒரு இழுப்பு இழுத்தது. கண் இரண்டும் இடம் மாறின. மலை தலைகீழாகத் தொங்கியது. கால்மணி நேரம் இருமியது.

"சீச்சீ! இதையா மனுசன் குடிக்கான்?" என்றது. பிறகு கேட்டது: "இன்னொண்ணு இருக்கா?"

பத்தே நாளில் கொம்பையா ஒரு நாளைக்கு ஒரு கட்டு பீடி குடிக்க ஆரம்பித்தது. எட்டு நடை ஐந்து நடை ஆனது. ஐந்து மூன்று ஆனது.

இருவாச்சி பறந்தால் இறகுச் சத்தம் ரயில் வருவது போலக் கேட்கும். இப்போது கொம்பின் நுனியிலிருந்து புகையும் வர ஆரம்பித்துவிட்டது. கேட்க வேண்டுமா! கொம்பையா போய் உட்காருகிற கிளையிலெல்லாம் அணில்கள் மூட்டை முடிச்சோடு வரிசையில் நின்றன.

"அண்ணாச்சி, இந்த வண்டி அம்பாசமுத்திரத்துல நிக்குமா?"

"இது வண்டி இல்ல! நான் கொம்பையா!"

"பேரு எதுவா இருந்தா என்ன? பிள்ளைகளுக்கு ஜன்னல் ஓரமா இடம் குடுங்க!"

இருமலோ அதைவிடப் பெரிது. ஒரு தடவை இருமினால் மூன்று பலாப்பழம் உதிரும். ஒரு கரடி இதைத் தெரிந்துகொண்டு, கொம்பையா எந்த மரத்தில் உட்கார்ந்தாலும் அடியில் வந்து உட்கார்ந்துகொண்டது. "இன்னும் கொஞ்சம் இருமுங்க அண்ணாச்சி, மேற்குக் கிளையில ஒண்ணு பழுத்திருக்கு!" என்று சொல்லவும் ஆரம்பித்தது.

பொந்துக்குள் இருந்த பேச்சித்தாய்க்கு முதலில் விஷயம் புரியவில்லை. பழத்தை வாயில் வாங்கியதும் முகத்தைச் சுளித்தது.

"இதை எங்க பறிச்சிய? அடுப்புலயா?"

"அது... வழியில காட்டுத் தீ, பேச்சி. புகை அடிச்சிருச்சு."

"ஒரு வாரமா மழை கொட்டுது. எந்தக் காட்டுல தீ?"

கொம்பையா இருமியது. மரத்தடியில் கரடி சந்தோஷப்பட்டது.

சில நாளில் குஞ்சு பொரிந்தது. கொம்பையா ஓடி வந்து கீறலில் காதை வைத்தது. உள்ளேயிருந்து 'கொக்! கொக்!' என்று சத்தம் வந்தது.

"பிள்ள என்ன சொல்லுது பேச்சி?"

"அப்பாவைக் கூப்பிடுது! அப்பா பாஷையிலயே கூப்பிடுது! நீங்க ஊதுன ஊத்துல முட்டைக்குள்ளயே இருமப் படிச்சிருச்சு!"

கொம்பையாவுக்குச் சுருக்கென்றது. "இனிமே தொட மாட்டேன். என் கொம்பு மேல சத்தியம்!" என்றது.

அந்தச் சத்தியம் ஒரு அத்திப்பழம் செரிக்கிற நேரம் வரைக்கும் இருந்தது.

அடுத்ததாக, "நாளுக்கு ஒரே ஒரு பீடி!" என்று ஊரறியச் சொன்னது. சொன்னதை மீறவும் இல்லை. ஆனால் தூக்கணாங்குருவிகளை வரவழைத்து, மூட்டையில் இருந்த பீடியையெல்லாம் பிரித்து, ஒரே பீடியாகச் சுருட்டச் சொன்னது. குருவிகள் கை தேர்ந்தவை. கொம்பையா இருந்த கிளையிலிருந்து எதிர்மலை உச்சி வரைக்கும் ஒரே பீடி! பற்றவைக்கக் கருவாயன் காலையில் புறப்பட்டு மத்தியானம்தான் முனைக்குப் போய்ச் சேர்ந்தது. நாலு நாள் எரிந்தது. நடுவில் ஒரு மான் கூட்டம் அதைப் பாலம் என்று நினைத்து மேலே நடந்து போனது.

"இன்னும் முதல் பீடியே முடியலை பேச்சி!" என்று கொம்பையா பெருமையடித்துக்கொண்டது.

உள்ளேயிருந்து குஞ்சு 'கொக்' என்றது.

கருவாயன் மூட்டையில் இருந்ததைக் கொடுத்தாலும் கால் மூட்டையை ஒளித்துத்தான் வைத்திருந்தது. இதற்குள் பக்கத்து அத்திமரத்தையும் ஒரு பழம் விடாமல் தின்று முடித்துவிட்டது. இனிப் பழம் வேண்டுமென்றால் பள்ளத்தாக்கைத் தாண்டி அடுத்த மலைக்குத்தான் போக வேண்டும். முன்பெல்லாம் கொம்பையாவுக்கு அது இறகைச் சிலுப்புகிற வேலை.

போனது. பழத்தை நிரப்பிக்கொண்டு திரும்பியது. பள்ளத்தாக்கின் நடுவில் நெஞ்சு அடைத்தது. இறகு இருக்கிறது, காற்று இருக்கிறது, மூச்சு இல்லை! தொண்டையில் இருந்த நாற்பது பழமும் சிதற, கீழே போய்க்கொண்டிருந்த ஒரு கிழட்டு யானையின் முதுகில் பொத்தென்று விழுந்தது.

யானை துதிக்கையால் அதைத் தடவிப் பார்த்தது.

"என்னவே கொம்பையா, உம்ம நெஞ்சுக்குள்ள பூனை எதுவும் கிடக்கா? கர்ருங்குது!"

"எந்திரிக்க முடியலை அண்ணாச்சி. வீட்டுல ரெண்டு உசுரு பட்டினி."

எழுந்திருக்க இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் பொந்துக்குள் ஒரு பருக்கை போகவில்லை. மூன்றாம் நாள் யானையே அதை முதுகில் ஏற்றிக்கொண்டு போய் அடுத்த மலை அத்திமரத்தில் விட்டது. கொம்பையா தொண்டை தெறிக்கிற மட்டும் பழத்தை அடக்கிக்கொண்டது. யானை மறுபடியும் சுமந்துவந்து பொந்துக்கு எதிரே இறக்கியது.

கீறலில் பேச்சித்தாயின் கண் தெரிந்தது. அந்தக் கண் குழிக்குள் போயிருந்தது.

"வந்துட்டேன் பேச்சி!"

"நீங்க வரலை. ஆனை கொண்டாந்து போட்டிருக்கு. பிள்ளைக்கு மொதல்ல குடுங்க."

கொம்பையா அலகை நீட்டியது.

"எட்டலை. இன்னும் உள்ள விடுங்க."

நீட்டியது.

"இன்னும் கொஞ்சம்!"

அலகு அடி வரைக்கும் உள்ளே போனது. அவ்வளவுதான்! பேச்சித்தாய் குழைத்துத் தயாராக வைத்திருந்த மண்ணை அள்ளி அலகைச் சுற்றிச் சரசரவென்று பூசிவிட்டது. இருவாச்சிப் பூச்சு என்றால் லேசா? கொத்தனார்கள் வந்து பாடம் கேட்டுப் போக வேண்டிய பூச்சு!

கொம்பையா இழுத்துப் பார்த்தது. மரம்தான் ஆடியது.

"ஏட்டி! என்ன காரியம் பண்ணுத? எடு அலகை!"

"மூணு நாளைக்கு எடுக்க மாட்டேன்."

"அப்ப பீடி?"

"பீடி எங்க வைப்பிய? வாய்தான் எங்கிட்ட இருக்கே! தொண்டையில மூணு நாளைக்குப் பழம் இருக்கு. ஒவ்வொண்ணா உருட்டி விடுங்க. நானும் பிள்ளையும் தின்னுக்கிடுதோம், நீங்களும் தின்னுக்கிடுங்க."

"எல்லாரும் சிரிப்பாங்க பிள்ள!"

"நான் மூணு மாசம் அடைஞ்சு கிடக்கேன். உங்க அலகு மூணு நாள் அடைஞ்சு கிடந்தா என்ன?"



முதல் நாள் கொம்பையா எல்லாரையும் திட்டியது. பேச்சித்தாயைத் திட்டியது. மாமனாரைத் திட்டியது. அந்தப் பொந்தைக் கொத்தி வைத்த மரங்கொத்தியைத் திட்டியது. அது செத்து ஏழு வருஷம் ஆயிற்று. அலகு உள்ளே இருந்ததால் எல்லாத் திட்டும் பொந்துக்குள்ளேயே விழுந்தது. பேச்சித்தாய் பழத்தைத் தின்றுகொண்டே கேட்டுக்கொண்டது.

இரண்டாம் நாள் நடுக்கம் கண்டது. அது நடுங்கிய நடுக்கத்தில் மரமே அதிர்ந்தது. மேல்மாடியில் இருந்த அணில்கள் பூகம்பம் என்று குடும்பத்தோடு கீழே இறங்கி நின்றன. கொம்பையா அழுதது. "ஒண்ணே ஒண்ணு பேச்சி! மோந்து மட்டும் பாத்துக்கிடுதேன்!" என்று கெஞ்சியது.

"நாக்கை நீட்டுங்க," என்றது பேச்சித்தாய். பழங்களோடு உருண்டு வந்திருந்த ஒரு நெல்லிக்காயை நசுக்கி நாக்கில் தேய்த்தது. "இதைச் சப்புங்க. இந்த நேரத்தை மட்டும் தாண்டுங்க. அடுத்ததை அடுத்தாப்புல பாத்துக்கிடலாம்."

மூன்றாம் நாள் காலையில் ஓர் அதிசயம். குஞ்சு இருமவில்லை! வந்து அப்பாவின் நாக்கு நுனியைப் பிடித்து இழுத்து விளையாடியது.

அந்த நேரம் பார்த்துக் கருவாயன் வந்தது. பக்கத்து அத்திமரம் மறுபடியும் பிஞ்சு விட்டிருந்தது. இருவாச்சிக்கு நெஞ்சு தெளிந்துவிட்டால் பழத்துக்குப் போட்டி வந்துவிடுமே!

"அய்யய்யோ அண்ணாச்சி! உங்களுக்கா இந்தக் கதி? வாய் அடைஞ்சா என்ன? மூக்கு வெளியிலதான் இருக்கு!"

உண்மைதான். அலகு அடியில், பூச்சுக்கு வெளியே, இரண்டு நாசித் துவாரமும் திறந்தே கிடந்தன. கருவாயன் ஒரு பீடியைப் பற்றவைத்துக் கொண்டுவந்தது.

மரத்துக்குள்ளிருந்து கொம்பையாவின் குரல் கேட்டது. "ஏலே கருவாயா, நீ ஏன்லே ஒரு நாளும் இதைக் குடிக்கல?"

"நல்லாச் சொன்னிய! நான் மரம் ஏற வேண்டாமா? எனக்கு நெஞ்சு வேணும்லா!"

சொல்லிவிட்டுத்தான் நாக்கைக் கடித்துக்கொண்டது. ஆனாலும் கையை எடுக்கவில்லை. எரிகிற பீடியைக் கொம்பையாவின் மூக்கில் செருகியது.

அந்த வாசனை! நாள் கணக்காக ஏங்கிய மூளை எழுந்து கூத்தாடியது. உயிர் மூக்கு நுனியில் வந்து நின்றது. ஒரே இழுப்பு. கேட்பார் யார்? பேச்சித்தாய்க்குக் கூடத் தெரியாது.

ஒரு நூல் புகை, தானாகவே, மூக்கு வழியாக இறங்கி அலகு வழியாகப் பொந்துக்குள் போனது.

உள்ளே நாக்கைப் பிடித்திருந்த குஞ்சின் சின்ன வாய் பிடியை விட்டது.

'கொக்!'

கொம்பையா இழுக்கவில்லை. நெஞ்சில் எத்தனை மூச்சு இருந்ததோ அத்தனையையும் திரட்டியது. இத்தனை நாளும் குடித்த புகை, மனதில் இருந்த வெட்கம், மிச்சம் இருந்த இருமல் எல்லாவற்றையும் சேர்த்து மூக்கு வழியாக ஒரே தும்மல்!

பீடி வாணம் போலப் பறந்தது. நேரே போய்க் கருவாயனின் வாலில் குத்தி நின்றது. கருவாயன் போட்ட சத்தத்தில் எதிர்மலை இரண்டு அடி தள்ளிப் போனது. இன்றைக்கும் அந்த இடத்தில் ரோடு கொஞ்சம் வளைந்துதான் போகிறது. கருவாயன் ஓடிப்போய் ஓடையில் வாலை முக்கியது. அத்தோடு அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை.

சாயங்காலம் பேச்சித்தாய் பூச்சைக் கொத்தி அலகை விடுவித்தது. கொம்பையா பறந்தது. முதல் நாள் ஒரு நடை. பத்து நாள் கழித்து மூன்று நடை. எட்டு நடை போக ஒரு மாதம் ஆனது.

ஆசை விட்டுப் போய்விட்டதா? அது எங்கே அவ்வளவு லேசில் போகும்! சில நாள், பழம் பறித்துக்கொண்டிருக்கும்போதே தலை கிறுகிறுக்கும். கால் தானாக மூட்டை இருந்த பக்கம் திரும்பும். அப்போதெல்லாம் கொம்பையா பழத்தைப் போட்டுவிட்டுப் பறந்து வந்து, தானே கீறலுக்குள் அலகை நுழைத்துக்கொள்ளும்.

"பேச்சி, கொஞ்சம் பூசி விடு."

"எத்தனை நாளைக்கு?"

"ஒரு மணி நேரம் போதும்னு நினைக்கேன்."

பேச்சித்தாய் ஒரு வார்த்தை குத்திக்காட்டாமல் பூசிவிடும். குஞ்சு தன் பங்குக்குக் கொஞ்சம் மண்ணை அப்பிவிட்டு அப்பாவின் நாக்கைப் பிடித்துக்கொள்ளும்.

புகையை இழுக்கிறவன் தன் மூச்சோடு தன் வீட்டார் மூச்சையும் சேர்த்தே எரிக்கிறான்; அதனால் அதைத் தொடாமல் இருப்பது புத்தி, தொட்டுவிட்டால் எத்தனை தடவை தோற்றாலும் வெட்கப்படாமல் வீட்டாரின் உதவியைக் கேட்டு வாங்கி விட்டுவிடுவது அதைவிடப் பெரிய புத்தி.