திருப்பி வைத்த கண்ணாடி

"நான் எல்லாரையும் பாக்கணும். என்னை ஒருத்தரும் பாக்கக் கூடாது. அதுக்கு என்னங்க டீச்சர் வழி?"

இதைக் கேட்ட நஞ்சப்பனுக்கு அறுபது முடிந்திருந்தது. டீச்சர் என்று அவர் கூப்பிட்ட ஜெசிந்தாவுக்கு முப்பத்தைந்துகூட இருக்காது. மகள் வயசுப் பெண்ணிடம் கைகட்டிப் பாடம் கேட்கிறார் என்று மில்லில் கூட வேலை பார்த்தவர்கள் கேலி பேசினார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வேறு எதற்கும் வளைந்து கொடுக்காத மனுஷன், இந்த ஒரு இடத்தில் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்டார்.

ஜெசிந்தா கோவைத் தெருக்களைப் படம் எடுப்பவள். நிறுத்தி வைத்த கார்களின் பக்கக் கண்ணாடியில் விழும் ஆட்களை, அவர்கள் பாட்டுக்கு இருக்கும்போதே எடுத்துவிடுவாள். அவளிடம் கற்றுக்கொள்ள வருபவர்களுக்கு இரண்டே கட்டளைதான். யாரையும் நில், சிரி என்று சொல்லக் கூடாது. கண்ணாடியைத் தொடக் கூடாது. அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ, அதற்குத் தக்கபடி நாம்தான் குனியணும், நகரணும். ஒருத்தர் ஆசை தாங்காமல் ஒற்றை விரலால் லேசாகத் தள்ளிவிட்டார். "நாளையிலிருந்து வராதீங்க" என்று அன்றைக்கே அனுப்பிவிட்டாள்.

நஞ்சப்பன் கேட்டதற்கு அவள் வாயால் பதில் சொல்லவில்லை. டீக்கடை வாசலில் நின்ற ஒரு காரின் அருகே அவரை நிறுத்தினாள். அவள் நாலடி தள்ளிப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

"கண்ணாடியைப் பாருங்கண்ணா. என் கண்ணு தெரியுதா?"

"தெரியுதுங்க."

"எனக்கு உங்க கண்ணு தெரியுது."

"அதுக்கென்னங்க?"

"ஒண்ணுமில்லை. டீ ஆறுது, குடிங்க."

அவ்வளவுதான் பாடம். நஞ்சப்பன் டீயைக் குடித்தார். இந்தப் பெண் ஒரு கேள்விக்காவது நேரடியாகப் பதில் சொன்னால் என்ன என்று அவருக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.

"இந்த மாசம் எடுத்ததைக் காட்டுங்க" என்றாள் ஜெசிந்தா.

அவர் தயங்கித் தயங்கிக் கேமராவைக் கொடுத்தார். அவள் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். எல்லாம் ஒரே வெள்ளைக் கார். எல்லாம் அதன் வலதுபக்கக் கண்ணாடி. அதற்குள் ராஜ வீதியில் ஒரு தையல் சாமான் கடை. கடை வாசலில் ஒரு பெண். நூல்கண்டையும் சேலையையும் வெளிச்சத்தில் பிடித்து நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறாள். ஒரு படத்தில் பித்தான் எண்ணுகிறாள். ஒரு படத்தில் யாரையோ பார்த்துச் சிரிக்கிறாள். படங்கள் ஒன்றுக்கொன்று சளைக்காமல் நன்றாக இருந்தன. அதுதான் ஜெசிந்தாவுக்குப் பிடிபடவில்லை.

"கண்ணாடியைத் தொட்டீங்களா அண்ணா?"

"இல்லைங்களே!"

"ஓட்டறவரு தனக்குன்னு திருப்பி வெச்ச கண்ணாடி இது. வெளிய நிக்கறவருக்கு அதுல காரோட கதவும் சீட்டும்தான் தெரியும். எதிர்க்கடை இவ்வளவு நேரா விழாதுங்க."

"எங்க குலசாமி சத்தியமாத் தொடலைங்க டீச்சர். போய் நின்னேன், தெரிஞ்சுது, எடுத்தேன். ஒவ்வொரு நாளும் அப்படித்தான்."

ஜெசிந்தா அவர் முகத்தைப் பார்த்தாள். பொய் சொல்லும் முகமாகத் தெரியவில்லை.

"இவங்க யாருங்க?"

நஞ்சப்பன் காலி டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "எம் புள்ளைதானுங்க. தாரணி" என்றார்.

தாரணி தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டாள். அவன் வேறு சாதி. மாலையும் கழுத்துமாக வீட்டுக்கு வந்து வாசலில் விழுந்து கும்பிட்டாள். நஞ்சப்பன் செருப்பைப் போட்டுக்கொண்டு, கும்பிட்டவளைச் சுற்றிக்கொண்டு தெருவில் இறங்கினார். எனக்குப் பொண்ணே பொறக்கலை என்று அக்கம்பக்கம் கேட்கச் சொன்னார். சொன்னதோடு நிற்காமல், சொன்னபடி நடந்தும் காட்டினார். மில்லிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் அந்தச் சொல் தன்னையே தின்பது தெரிந்தது. கேமரா வாங்கியது அதற்குப் பிறகு.

"நேராப் பாக்கத் தெம்பில்லைங்க. கண்ணாடின்னா, கடைக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நின்னாப் போதும். நாலு மணிக்குப் போவேன், ரெண்டு படம் எடுப்பேன், வந்துருவேன். அவளுக்கு ஒண்ணுமே தெரியாது."

ஜெசிந்தா கடைசிப் படத்தைப் பெரிதாக்கி அவர் பக்கம் திருப்பினாள். கடை வாசலில் தாரணி. கையில் நூல்கண்டு. கண்கள் நேராகக் கேமராவுக்குள் பார்த்துக்கொண்டிருந்தன.

நஞ்சப்பன் கேமராவை வாங்கிப் பார்த்தார். நாலடி தள்ளி நின்று டீச்சர் கேட்டது என்ன என்று இப்போதுதான் உறைத்தது. கேமராவைப் பையில் போட்டுக்கொண்டு, சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டார்.

அதற்குப் பிறகு ராஜ வீதிப் பக்கமே அவர் போகவில்லை. வகுப்புக்கும் வரவில்லை. திருட்டுத்தனம் பிடிபட்டவர் போல வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தார். பெற்ற மகளையே ஒளிந்து நின்று பார்த்ததை அவள் பார்த்திருக்கிறாள் என்று நினைக்க நினைக்க உடம்பு கூசியது. மனைவி என்ன ஏது என்று கேட்டதற்குக் காய்ச்சல் என்று சொல்லி வைத்தார். கேமராவை விற்றுவிடலாமா என்றுகூட யோசித்தார்.

சில வாரம் கழித்து ஜெசிந்தாவே போன் செய்தாள்.

"நாளைக்கு நாலு மணிக்கு முன்னாடியே ராஜ வீதிக்கு வந்துருங்கண்ணா."

"நான் வரலைங்க டீச்சர். எனக்கு இனி இது வேண்டாம்."

"வேண்டாம்னா விட்டுருங்க. ஆனா கண்ணாடியைத் தொட்டது யாருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

நஞ்சப்பனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சத்தியம் செய்த பிறகும் நம்பாமல், கையும் களவுமாகப் பிடிக்கப் பார்க்கிறாளா? தான் அப்படிப்பட்ட ஆள் இல்லை என்று காட்டுவதற்காகவே கிளம்பிப் போனார்.

வெள்ளைக் கார் நிற்கும் பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடைக்கு மாடிப்படி இருந்தது. படியில் நின்றால் தெரு முழுக்கத் தெரியும்; எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால் படி இருட்டு. இருவரும் அங்கே நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தக் கார் வந்து வழக்கமான இடத்தில் நின்றது. இறங்கியவர் பக்கத்து மருந்துக்கடைக்காரர். ஜெசிந்தா முன்பே அவரிடம் விசாரித்து வைத்திருந்தாள்; அவளைப் பார்த்ததும் படியருகே வந்தார்.

"ஆள் சிக்கினானுங்களா மேடம்? தெனமும் எவனோ எங்கண்ணாடியைத் திருப்பி வெச்சர்றானுங்க. பாக்காம வண்டியை எடுத்தா, பின்னால வர்ற பஸ் தெரியலைங்க, பித்தான் கடை தெரியுதுங்க!"

"நான் தொடலைங்க" என்றார் நஞ்சப்பன், அவசரமாக.

மருந்துக்கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உங்களை யாருங்க சொன்னாங்க?" என்று கடைக்குள் போய்விட்டார்.

நாலு மணி ஆவதற்குக் கொஞ்சம் முன்னால் எதிர்க்கடையிலிருந்து தாரணி வெளியே வந்தாள். நஞ்சப்பன் படியில் இன்னும் ஒட்டி நின்றார். அவள் இரண்டு பக்கமும் பார்த்துத் தெருவைக் கடந்தாள். நேராகக் காரிடம் போனாள். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக வெளிப்பக்கம் திருப்பினாள். பிறகு நஞ்சப்பன் வழக்கமாக நிற்கும் இடத்தில், கடைக்கு முதுகைக் காட்டி நின்று கண்ணாடிக்குள் பார்த்தாள். போதவில்லை போலிருக்கிறது. எக்கி நின்று, அப்பா உயரத்துக்குப் பார்த்தாள். கண்ணாடியை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கினாள். மறுபடி எக்கிப் பார்த்தாள்.

சரியாக வந்துவிட்டது என்று தெரிந்ததும் கடைக்குத் திரும்பிப் போனாள். ஒரு நூல்கண்டையும் ஒரு துணியையும் எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். இரண்டும் ஒரே நிறமாக இருக்க வேண்டும் என்ற கவலை அவளுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. நூல் பச்சை, துணி சிவப்பு. அவள் கண் எதிரே இருந்த கண்ணாடியில் இருந்தது.

கண்ணாடி முன்னால் யாரும் வரவில்லை. அவள் நின்றுகொண்டே இருந்தாள். வாடிக்கையாளர் ஒருத்தி வந்து ஏதோ கேட்டாள். உள்ளே போய் எடுத்துக் கொடுத்துவிட்டு, மறுபடி வந்து அதே இடத்தில் நின்றாள்.

நஞ்சப்பன் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் வராத நாள்லயுங்களா?"

"அதைத்தான் மருந்துக்கடைக்காரரு சொல்லிட்டுப் போனாரே. தெனமும்."

அவர் அழுதார். மாடிக்குப் போகிறவர்களும் வருகிறவர்களும் ஒதுங்கிப் போனார்கள். ஜெசிந்தா அவர் தோளிலிருந்து கேமராப் பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

நஞ்சப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். இரண்டு படி இறங்கினார். மூன்றாவது படியில் நின்றுவிட்டார். தெருவின் அகலம் இருபதடிதான் இருக்கும்.

"கும்பிட்டவளை விட்டுட்டுப் போனவனுங்க நான். இப்ப எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அவ முன்னால போய் நிப்பேன், டீச்சர்?"

ஜெசிந்தா எதிர்க்கடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்த மூஞ்சியைப் பாக்கறதுக்காக அவங்க தெனமும் கண்ணாடியைத் திருப்பி வெக்கறாங்களோ, அதை வெச்சுக்கிட்டுத்தாங்கண்ணா."