ஆட்டோவுக்கு வெளியே ஒரு கை

இதை நான் நேரில் பார்க்கவில்லை. திருப்பூரில் இருக்கும் என் சித்தி, தன்னோடு வேலை செய்யும் ஒருவர் சொல்லக் கேட்டு எனக்குச் சொன்னது. கேட்டதற்கு மேல் எதையும் கூட்டாமல் எழுதப் பார்க்கிறேன்.

பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் சொர்ணவல்லி தினமும் காலையில் மயில்சாமியின் ஷேர் ஆட்டோவில்தான் போவாள். ஆட்கள் நெருக்கியடித்து உட்காரும் வண்டி. ஆனாலும் வலது ஓர இடம் எப்போதும் அவளுக்கு என்று இருக்கும். சும்மா இல்லை. இண்டிகேட்டர் எரியாமல் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. மயில்சாமி "கை!" என்று கத்தினால் அவள் கையை வெளியே நீட்ட வேண்டும். அதற்குத்தான் அந்த இடம். வலப்பக்கக் கண்ணாடியும், நெரிசலில் இடிக்கிறது என்று உள்பக்கமாக மடக்கியே வைக்கப்பட்டிருந்தது.

"ஒரு பல்பு மாத்துங்கண்ணா" என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தாள்.

"உன்ற கையாட்டம் பல்பு எந்தக் கடையில கிடைக்கும் அம்மிணி?" என்றார். வண்டியே சிரித்தது. அவளும்தான்.

அந்தத் திங்கட்கிழமை முன்னால் ஒரு பேருந்து ஊர்ந்துகொண்டிருந்தது. அதை வலப்பக்கமாக முந்துவதற்கு மயில்சாமி "கை!" என்றார். சொர்ணவல்லி நீட்டினாள். அதே நொடியில் பேருந்துச் சன்னலிலிருந்து யாரோ ஒருவன் வாய் நிறையப் பான் எச்சிலைத் துப்பினான். வெதுவெதுப்பாக, பாக்குத் துணுக்குகளோடு அது அவள் புறங்கையில் விழுந்து விரலிடுக்கில் வழிந்தது. கையை வெடுக்கென்று உள்ளே இழுத்தாள். மயில்சாமி திரும்பிப் பார்க்கவில்லை. கத்தியாகிவிட்டது, போதும் என்று வண்டியை வலப்பக்கத் தடத்துக்கு ஒடித்தார்.

அந்தத் தடத்தில் ஹெல்மெட்டோடு, நிதானமாக பைக்கில் வந்துகொண்டிருந்தவர் எலக்ட்ரீஷியன் ரஷீத். மோதி விழுந்தார். ஏணியில் ஏறிப் பிழைப்பவருக்குக் கால் இரண்டு இடத்தில் முறிந்தது.

காவல் நிலைய வாசலில் மயில்சாமி டீயை உறிஞ்சியபடி அவளை ஓரமாக அழைத்தார். ரஷீத்தின் கால் எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"கையை நீட்டுனியா, இல்லியா?"

"நீட்டுனேங்ண்ணா. ஆனா உடனே..."

"ஆனா கீனா எதுக்கு? நீட்டுனேன்னு மட்டும் சொல்லு. அது பொய்யா? பார்த்துட்டே வந்து இடிச்சான்னு அவன் மேல முடிஞ்சிரும். இல்லீன்னா கை காட்டாதவ நீதான், கேஸும் உம்மேலதான்."

நான்கு முறை சோப்புப் போட்டுக் கழுவிய கைதான். மறுபடியும் எச்சில் பட்டது போலிருந்தது அவளுக்கு.

உள்ளே எஸ்.ஐ. கேட்டார்: "ஏம்மா, ஆட்டோ திரும்பறப்போ உன் கை வெளியே இருந்துச்சா?"

ஆம் என்றால் ரஷீத்துக்கு வர வேண்டிய இழப்பீடு போகும். இல்லை என்றால் தானே குற்றவாளி என்று அவள் நினைக்கிறாள். படிப்பவர்கள் சொல்லுங்கள்: சைகை இல்லாமல் தடம் மாறிய குற்றம் யாருடையது? துப்பியவனுடையதா, கையை இழுத்தவளுடையதா, வண்டியைத் திருப்பியவருடையதா?

விடை: "இல்லீங்க சார், இழுத்துட்டேன்" என்று அழுதுகொண்டே சொன்னாளாம். வழக்கு மயில்சாமி மேல்தான் பதிவானது. துப்பியவன் அருவருப்பான ஆள். ஆனால் வண்டியைத் திருப்பியது அவனில்லை. கை காட்டும் வேலையை அவள் ஏற்றுக்கொண்டிருக்கக் கூடாது. அதற்காக ஓட்டுநரின் பொறுப்பு ஓர இருக்கைக்கு மாறிவிடாது. சந்தேகம் தீராமல் மோட்டார் வாகனச் சட்டத்தின் 121-ஆம் பிரிவைத் தேடிப் படித்தேன். சைகை காட்ட வேண்டியவர் ஓட்டுநர் என்று இருக்கிறது. பயணியைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை.