வெண்ணெய் வாத்தின் வம்சம்

முன்னொரு காலத்தில், மாம்பழத்தைக் கடிக்கும் முன்பே மரத்தின் பாட்டனார் எந்தத் தோப்பு என்று கேட்கும் அரசர் ஒருவர் இருந்தார். எதற்கும் அவருக்குப் பூர்வீகம் தெரிந்தாக வேண்டும்.

கப்பல் உடைந்து கரை ஒதுங்கிய நீல்ஸ் என்ற சுவீடன் நாட்டு மாலுமியை, விகடகவி அம்பலவாணன் அவைக்கு அழைத்துவந்தான். அரசர் விருந்து வைத்தார். வரிசையாகப் பரப்பியிருந்த பண்டங்களைப் பார்த்ததும் நீல்ஸுக்குக் கண் கலங்கிற்று.

"ஸ்மோர்கோஸ்பூர்ட்!" என்றான்.

"அந்தச் சொல்லின் பூர்வீகம் என்ன?"

"ஸ்மோர் வெண்ணெய், கோஸ் வாத்து, பூர்ட் பலகை, மகாராஜா. சேர்த்துச் சொன்னால் எங்கள் ஊரில் இப்படியொரு விருந்து."

அம்பலவாணன்மேல் நெடுநாள் புகைச்சலில் இருந்த அவைப்புலவர் வச்சிரநாதர் எழுந்தார். "விருந்தில் வாத்தே இல்லையே, அரசே! உண்ண அமர்ந்தவர்களைத்தான் வாத்து என்கிறான். இல்லையென்றால், அந்தச் சொல்லின் முன்னோர்களை அம்பலவாணன் இங்கே அழைத்துவரட்டும்!"

அரசருக்கு அது பிடித்துவிட்டது. "நாளைக் காலையில் வரவேண்டும். தவறினால் மாலுமி மறுபடியும் கடலுக்கு. துணைக்கு நீயும், அம்பலவாணா!"

வெளியே வந்ததும் அம்பலவாணன் கேட்டான்: "அதில் வாத்து எப்படியப்பா நுழைந்தது?"

"தெரியாது ஐயா. சின்ன வயதிலேயே கப்பலேறிவிட்டேன். நன்றி சொல்ல நினைத்தேன். அதைவிடப் பெரிய சொல் என்னிடம் இல்லை."

மறுநாள் காலை அம்பலவாணன் கவலையோடு அடுக்களைக்குள் எட்டிப் பார்த்தான். மனைவி செங்கமலம் தயிர் கடைந்துகொண்டிருந்தாள்.

"பானைக்குள்ள என்ன பார்வை? வெண்ணெ வாத்துக் கூட்டமாட்டம் இப்பத்தான் மிதந்து வருது. கைய விட்டீங்கன்னா தெரியும்!"

அவன் கையை விடவில்லை. பானையையே தூக்கிக்கொண்டு ஓடினான்.

அவையில் ஒரு பலகையைப் போட்டு, அதன்மேல் பானையை வைத்தான். "அரசே, பலகையார் வந்துவிட்டார். இவருடைய தாத்தா பலாமரம். வேரோடு வர இயலாதென்று சொல்லியனுப்பினார். வெண்ணெயின் பாட்டி வாசலில் நிற்கிறாள், படியேற மாட்டேன் என்கிறாள்."

வெளியே பசு கத்தியது.

"வாத்து எங்கே?" என்றார் வச்சிரநாதர்.

"குனிந்து பாருங்கள், புலவரே."

மோரில் வெள்ளை உருண்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக அசைந்து மிதந்தன. நீல்ஸ் பானையைக் கட்டிக்கொண்டான்.

"இதேதான்! கடையும்போது அம்மா, 'வாத்து வந்துவிட்டது' என்பாள். அதை ரொட்டியில் தடவினால் வெண்ணெய் வாத்து. பலகை நிறைய வைத்தால் ஸ்மோர்கோஸ்பூர்ட்!"

அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். "மாலுமி இங்கேயே இருக்கட்டும்!" என்று தம் பொன்னாடையை எடுத்து அம்பலவாணனுக்குப் போர்த்தினார். செங்கமலத்துக்கு ஒரு கறவைமாடு பரிசாகப் போயிற்று.

நீல்ஸ் ஓர் அப்பத்தில் வெண்ணெயை வழித்துத் தடவினான். அரசர் கையை நீட்டினார். அவனோ அவரைத் தாண்டிப் போய், அம்பலவாணனிடம் கொடுத்தான்.



"அடுத்த வாத்தாவது எனக்கா?" என்று கேட்ட அரசர், மறுபடியும் சிரிக்கத் தொடங்கினார்.