எள்ளுக்குப் பூ வாசம் வந்த வழி

பூவும் விதையும் வாய்திறந்து பேசிய அந்தக் காலத்தில், பாரசீகத்தின் தெற்குச் சமவெளியில் ஷீர்ஸாத் என்ற செக்குக்காரன் இருந்தான். வெயில் கொளுத்தும் ஊர். எள் மட்டும் அமோகமாக விளையும். எள்ளுக்கு அப்போது மகா கர்வம். எந்த வாசனையையும் தன்மேல் ஒட்டவிடாது.

ஷீர்ஸாத் பனிமலையிலிருந்து பெண் எடுத்திருந்தான். பெயர் மாதுக்த். பாவம், வந்த நாளாக அவளுக்குத் தலைவலி, பொட்டுத் தூக்கமில்லை.

"எங்க மலை ஊதாப்பூவை மோந்தாலே தூக்கம் வந்துடும். இந்தச் சூடு என்னால முடியலைங்க. அம்மா வீட்டுக்கே போயிடறேன்," என்று அழுதாள்.

"நீ இரு. பூவை நான் கொண்டாறேன்," என்று ஷீர்ஸாத் இரண்டு மூட்டை எள்ளைக் கழுதைமேல் ஏற்றிக்கொண்டு மாமியார் வீட்டுக்கு மலையேறினான். மாமியார் ஒரு மூட்டையை வைத்துக்கொண்டு, மற்றதில் ஊதாப்பூக்களைப் புதைத்துக் கொடுத்தாள். "வெயில் படாது, மாப்பிள்ளை."

திரும்பும் வழியில் ஒரு பள்ளத்தாக்கு. மேல்பாதியில் வாதுமை, கீழ்ப்பாதியில் பேரீச்சை; குளிரும் வெயிலும் சந்திக்கும் இடம். பேரீச்சைப் பக்கம் இறங்கியதுமே சூடு தாக்கிப் பூக்கள் துவண்டன.

"எள்ளே, நாங்க ஊர் போய்ச் சேர மாட்டோம். எங்க வாசத்தையாவது வாங்கிக்கோ," என்றன.

"அதெல்லாம் என் வழக்கமில்லை."

"அந்தப் பொண்ணு போயிட்டா, அவன் யாருக்காகச் செக்கு ஓட்டுவான்?"

எள் யோசித்தது. மூட்டை இடுக்கு வழியே செக்குக்காரனின் வாடிய முகத்தைப் பார்த்தது. "சரி, கொடுங்க," என்று முதல்முறையாகத் தன்னைத் திறந்தது.

வீட்டில் மூட்டையை அவிழ்த்தால் பூவெல்லாம் சருகு. "எள்ளு எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை எதுக்குக் காயுது? நீங்க ஏன் இந்த வெயில்ல அலைஞ்சீங்க?" என்று மாதுக்த் கண்ணீரோடு சிரித்தாள். அவன் சருகைப் புடைத்துவிட்டு எள்ளைச் செக்கில் கொட்டினான். மாடு நாலு சுற்றுச் சுற்றியதும் வீடெல்லாம் மலைவாசம்!

மாதுக்த் ஓடிவந்து எண்ணெயைத் தொட்டு நெற்றியில் தடவினாள். செக்கடியிலேயே சாய்ந்து தூங்கிப்போனாள். செக்கின் கிரீச்சொலி அவளை எழுப்பிவிடுமோ என்று ஷீர்ஸாத் மாட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். அவன் வாழ்க்கையிலேயே அவ்வளவு சந்தோஷமாக அவன் நின்றதில்லை.

பிறகு செக்கையே அந்தப் பள்ளத்தாக்குக்குக் கொண்டுபோனார்கள். மேலிருந்து பூ வாடாமல் இறங்கியது, கீழிருந்து எள் ஏறியது. அன்று மனமிரங்கிய எள், அதன்பின் எந்தப் பூவோடு வைத்தாலும் மறுப்பதில்லை. அன்று முதல்தான் அங்கே பூவெண்ணெய்ச் செக்குகள் சுற்றுகின்றன. மலைப்பெண்களும் தைரியமாகச் சமவெளியில் வாழ்க்கைப்படுகிறார்கள்.