புறாக்களுக்கு அன்னமிட்ட வேலாத்தாள்

கடல்கடந்த கரும்புத் தீவொன்றில், ஆலை அடுப்புக்குச் சக்கை சுமந்து வாழ்ந்தவர் வேலாத்தாள் அம்மையார். விடியுமுன் காட்டுக்குள் நடப்பார். கருங்காலி மரத்தடியில் தாம் நட்ட கல்லை முருகனென்று வணங்கி, தம் சோற்றில் ஒரு பிடி படைப்பார். உலகில் வேறெங்குமே இல்லாத அத்தீவின் ரோஜாநிறக் காட்டுப்புறாக்கள் இறங்கிவந்து அதை உண்ணும். ஆளைக் கண்டாலே மறைகிற அப்பறவைகள் அவர் மடியில் வந்து அமரும்.

"ஒஞ் சாமிக்கு வாயில்ல போல, எல்லாத்தையும் புறாவே திங்குது" என்று கூலிக்காரப் பெண்கள் சிரிப்பார்கள்.

"அதுங்க வயிறு நெறஞ்சா அவனுக்கு நெறஞ்ச மாதிரிதான்" என்பார் அம்மையார்.

அவ்வாண்டு தைப்பூசம் நெருங்கையில் காற்று அடியோடு நின்றது. வானம் செம்பு நிறமாயிற்று. நாய்கள் குரைப்பதை விட்டன. அப்போதுதான் கங்காணி செங்கோடன் வந்தான்.

"தொர வீட்டு விருந்துக்கு அந்தப் புறா வேணுமாம். நீ சோத்தப் போடு, நான் வலையப் போடுறேன்."

"நம்பி வர்றதுங்கள நானே புடிச்சுக் குடுக்கவா? என்னால ஆகாதுங்க."

"அப்ப ஒனக்கு இனிமே அரிசி இல்ல."

கூலியாக அளக்கும் அரிசி நின்றது. கங்காணிக்குப் பயந்து யாரும் ஒரு வாய்க் கஞ்சியும் தரவில்லை. அம்மையார் தள்ளாடியபடி காட்டுக்குப் போய், கல்லின்முன் வெறுங்கையோடு அமர்ந்தார்.

"முருகா, ஒனக்குக் குடுக்க ஒண்ணுமே இல்லையேப்பா" என்று கூசி அழுதார். காட்டில் ஓர் இலைகூட அசையவில்லை. செங்கோடன் பின்தொடர்ந்து புதரில் பதுங்கியிருப்பதை அவர் அறியார்.

புறாக்கள் இறங்கின. ஒவ்வொன்றும் ஒரு காட்டுப்பழத்தை அவர் மடியில் இட்டது. அம்மையார் திகைத்திருக்க, வலை வந்து விழுந்தது. அவரும் பறவைகளும் ஒருசேர அகப்பட்டனர்.

அக்கணமே புயல் காட்டுக்குள் புகுந்தது. கருங்காலி வேரோடு பெயர்ந்து செங்கோடன்மேல் சாய்ந்தது. வலைக்குள்ளிருந்து அம்மையார் அலறினார்: "முருகா, அவரக் காப்பாத்து!"

மரம் அங்கிருந்த பாறையொன்றில் முட்டி நிற்க, அடியில் ஓர் ஆள் கிடக்கும் இடைவெளியில் அவன் உயிரோடு கிடந்தான். அந்தப் பேரிரைச்சலின் நடுவே ஒரு குரல் அவன் காதில் தெளிவாக விழுந்தது: "பசிச்சிருப்பியே தாயி. வா, இன்னைக்கு எங்கூடச் சாப்பிடு."

காற்று ஓய்ந்ததும் அவன் ஊர்ந்து வெளியே வந்தான். வலை ஒரு முடிச்சும் அவிழாமல் விரிந்து கிடந்தது. உள்ளே ஒருவரும் இல்லை. குடியிருப்புக்கு ஓடி, "அம்மாவ சாமி கூட்டிக்கிட்டுப் போயிருச்சு!" என்று மண்ணில் விழுந்து கதறினான்.

தமக்கு வலை விரித்தவனுக்கும் உயிர் வேண்டிய அந்தத் தாயின் பாதங்கள் வாழ்க.