ஓட்டை அடைத்த பானை

உறையூரில் ஒரு சிறிய மடம். அதை நடத்திவந்த தவமணி அம்மைக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவரிடம் பாடம் கேட்டுவந்த கோமளவல்லிக்கு அறுபத்திரண்டு. தலைமையாசிரியையாக இருந்து ஊரையே கேள்வி கேட்டவர், இப்போது கேள்வியோடு வந்து தரையில் உட்கார்வதில் வெட்கப்படவில்லை.

அன்று வந்தவர் உட்காராமலேயே பேச ஆரம்பித்தார்.

வீட்டு அடுக்களையில் குப்பையே சேரக் கூடாது என்று ஆறு மாதமாக விரதம் போல இருந்தார். பிளாஸ்டிக் டப்பாக்கள் போய்விட்டன. பாத்திரம் தேய்க்கத் தேங்காய் நார் வந்துவிட்டது. காய்கறித் தோலை உரமாக்கப் பால்கனியில் ஒரு மண்பானை. வீட்டுக்குள் வரும் ஒவ்வொரு கவரையும் எண்ணிக் காலண்டரில் குறித்தார். யார் கொண்டுவந்தது என்பதையும் பக்கத்திலேயே எழுதினார். டீச்சர் புத்தி எங்கே போகும்?

இப்போது அந்தப் பானை நாறியது. மருமகள் நித்திலாவுக்கு இது ஆறாம் மாதம். நாற்றம் தாங்கவில்லை என்று மகன் வேறு வீடு பார்த்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை அங்கே பால் காய்ச்சுகிறார்கள். பேரக்குழந்தை இன்னொரு வீட்டில் வளரும் என்பதைக் கோமளவல்லியால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

"நாத்தம் போக என்னம்மா வழி? இன்னிக்கு வியாழன். இன்னும் மூணு நாள்தான் இருக்கு."

அம்மை செருப்பை மாட்டிக்கொண்டு அவரோடு கிளம்பினார்.

கோமளவல்லியின் வீடு மூன்றாவது மாடியில். பால்கனிக் கதவைத் திறந்ததுமே மூக்கைப் பொத்த வேண்டியிருந்தது. பானையைச் சுற்றி எட்டு ஓட்டைகள். எட்டிலும் துணி திணித்திருந்தது.

"ஏன் அடைச்சீங்க?"

"குட்டிக் குட்டியாப் பூச்சி வெளியே வந்துச்சு. பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

அம்மை துணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். கீழே வேப்பமரத்தடியில் கூட்டிவைத்திருந்த சருகை அள்ளிவந்து போட்டுக் கிளறினார். காற்று போகாவிட்டால் மக்காது, அழுகத்தான் செய்யும் என்றார்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் நாற்றம் போய்விடுமா என்று கோமளவல்லி கேட்டார். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் கேட்டார். அம்மை கையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

பொறுக்க முடியாமல் காலண்டரைக் கழற்றிக்கொண்டுவந்து காட்டினார் கோமளவல்லி. "ஆரம்பிச்ச மாசம் நாப்பத்தோரு கவர். இந்த மாசம் ஒம்பது. இவ்வளவு பாடுபட்டும் ஏம்மா இப்படி ஆகுது?"

அப்போது நித்திலா ஆபீசிலிருந்து வந்தாள். அத்தையைக் கண்டதும் தோள்பையை முதுகுப் பக்கம் தள்ளிக்கொண்டாள். சாப்பிட்டுவிட்டேன் என்று, யாரும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டு அறைக்குப் போகத் திரும்பினாள்.

பையிலிருந்து சாம்பார் வாசனை வந்தது.

"எனக்குப் பசிக்குது," என்றார் அம்மை. "அதுல எனக்கும் கொஞ்சம் கொடுப்பியாம்மா?"

நித்திலா அத்தையைப் பார்த்தாள். பயந்துபோயிருந்தாள். மெல்லப் பையைத் திறந்து இட்லிப் பொட்டலத்தை எடுத்தாள். சாம்பார் கட்டிய கவர் ஒன்று, சட்னிக் கவர் இரண்டு. பையின் அடியில் பழைய கவர்கள் ஐந்து சுருண்டு கிடந்தன. நாளைக்குப் போகிற வழியில் போட்டுவிடுவேன் என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். தினமும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் வைத்துச் சாப்பிடுகிறாளாம்.

கோமளவல்லியின் உதடு அசைந்தது. புதிது மூன்று, பழையது ஐந்து. வேண்டாம் என்று நினைப்பதற்குள் எண்ணி முடித்திருந்தார்.

அம்மை இரண்டு தட்டுகளை எடுத்துவந்து மேசையில் வைத்தார். நித்திலாவை உட்காரச் சொல்லித் தானும் பக்கத்தில் உட்கார்ந்து இட்லியைப் பிட்டார்.

"இந்தக் கவரையெல்லாம் என்னம்மா செய்யறது?" என்று கேட்டார் கோமளவல்லி.

"கவர்க் கணக்கைச் சரியாத்தான் எழுதியிருக்கீங்க," என்றார் அம்மை. "இந்தப் பொண்ணு இந்த மேசையில கடைசியா என்னிக்குச் சாப்பிட்டா?"

கோமளவல்லி கையிலிருந்த காலண்டரைப் பார்த்தார். ஒவ்வொரு தாளாகப் பின்னால் புரட்டிக்கொண்டே போனார்.