ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு

கொடுமுடியில் ஆற்றுக்குப் போகும் சந்து ஒன்றின் கடைசியில் ஒரு தியான மண்டபம் இருந்தது. அதை நடத்தி வந்தவர் கோகிலவாணி. அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. ஆனாலும் அவரைவிட மூத்தவர்கள் அவரை அம்மா என்றே அழைத்தார்கள். அவரோ அவர்களை அண்ணா, அக்கா என்பார்.

குழந்தைவேலு அவருடைய சீடர். ஐம்பதைத் தாண்டியவர். கடைவீதியில் உரக்கடை வைத்திருந்தார். மனைவி பெயர் ருக்குமணி. காலைத் தியானத்துக்கு அவர் வராத நாள் கிடையாது. கண்ணை மூடினால் அசையாமல் உட்கார்ந்திருப்பார். புதிதாக வருகிறவர்களுக்கு, எப்படி உட்கார வேண்டும் என்று அவரைத்தான் காட்டுவார்கள்.

அன்று எல்லாரும் எழுந்து போன பிறகும் அவர் எழவில்லை.

"அம்மா, ஒண்ணு கேக்கணுமுங்க."

"கேளுங்கண்ணா."

"ருக்குமணி வீட்டை விட்டுப் போயிட்டாளுங்க."

கோகிலவாணி பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். கை நின்றது.

"சென்னிமலைல அவ அக்கா வீட்டுக்கு ஒரு விசேஷமுன்னு போனா. நேத்து போன் பண்ணி, 'நான் வரலீங்க, இங்கயே இருந்துக்கறேன்'ங்கறா. ஏன்னு கேட்டா ஒண்ணுமில்லைங்கறா."

"சண்டை ஏதாச்சும்?"

"சண்டையா? எங்க வீட்டுல சத்தம் கேட்டு யாராச்சும் பார்த்திருக்காங்களா? நான் குடிக்கறதில்ல. கை நீட்டுனதில்ல. ஒரு தப்பும் பண்ணலீங்க. பண்ணாதவனை விட்டுட்டு ஒருத்தி ஏம்மா போகணும்?"

கோகிலவாணி மிச்சம் இருந்த பாயைச் சுருட்டி மூலையில் வைத்தார். மண்டபத்தின் கதவைச் சாத்திப் பூட்டினார்.

"வண்டி கொண்டாந்திருக்கீங்களா?"

"இருக்குதுங்க."

"வாங்க, சென்னிமலைக்குப் போலாம்."

குழந்தைவேலுக்கு உயிர் வந்ததுபோல் இருந்தது. அம்மா ஒரு வார்த்தை சொன்னால் ருக்குமணி தட்டமாட்டாள்.

அவருடைய வண்டி, ஒருவர் ஓட்டிப் பழசாக்கி விற்ற மோட்டார் சைக்கிள். வாங்கி நான்கைந்து வருடம் இருக்கும். கோகிலவாணி பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்துகொண்டார். ஊரைத் தாண்டியதும் எங்கிருந்தோ ஒரு கடகடப்பு கிளம்பியது.

"என்ன சத்தமுங்கண்ணா அது?"

"அது ரொம்ப நாளா இருக்குதுங்க. பழகிப்போச்சு."

ஒரு வளைவில் எதிரே டிராக்டர் வந்தது. குழந்தைவேலு காலைத் தரையில் தேய்த்து நிறுத்தினார்.

"முன்னாடி பிரேக் பிடிக்காதுங்க. பின்னாடி மட்டும் கொஞ்சம் பிடிக்கும். தெரிஞ்சு ஓட்டுனா ஒண்ணும் ஆகாது."

கோகிலவாணி பின்கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

சிவகிரியைத் தாண்டி ஒரு மேட்டில் ஏறும்போது வண்டி இழுக்க மாட்டேன் என்றது. தீய்ந்த வாடை வந்தது. ஒரு முனகல். பிறகு பின்சக்கரம் இறுகி, ரோட்டில் சறுக்கி, வண்டி நின்றது. நல்லவேளையாக இருவரும் விழவில்லை.

குழந்தைவேலு கிக்கரை மிதித்தார். அது அசையவே இல்லை. கல்லை மிதித்ததுபோல் இருந்தது.

"இன்னைக்குப் பார்த்தா இப்படி!" என்றார்.

"தள்ளுங்கண்ணா, நானும் பிடிக்கறேன்."

கியரைத் தட்டி விடுவித்து இருவரும் தள்ளினார்கள். குழந்தைவேலுக்குக் கூச்சமாக இருந்தது. வேண்டாம் என்றார். கோகிலவாணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தள்ளியபடியே வந்தார். வாய்க்கால் பாலத்துக்கு அந்தப் பக்கம் தகரக் கூரை போட்ட ஒரு பட்டறை இருந்தது. அங்கே வேலை செய்துகொண்டிருந்த ஷாஜகான் என்பவர், இவர்களைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார்.

ஆயில் அளக்கும் குச்சியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். அதில் எதுவும் ஒட்டியிருக்கவில்லை. அடியில் இருந்த போல்ட்டைத் திறந்தார். தார்போல் கொஞ்சம் சொட்டியது. அவ்வளவுதான்.

"வண்டிய என்னங்க பண்ணுனீங்க?"

"ஒண்ணுமே பண்ணலீங்க," என்றார் குழந்தைவேலு. "ஒரு தடவை கீழ போட்டதில்ல. யாருக்கும் இரவல் குடுத்ததில்ல. வேகமாக்கூட ஓட்டமாட்டேன்."

"ஆயில் எப்ப மாத்துனீங்க?"

"வாங்கறப்பவே அவங்க மாத்தித்தான் குடுத்தாங்க."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம்... ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு."

ஷாஜகான் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக உள்ளே கொஞ்சம் எண்ணெய் விட்டார்.

"பழைய வண்டியைத் தலைல கட்டிட்டான் வித்தவன்," என்றார் குழந்தைவேலு.

"நல்ல வண்டிதானுங்க இது. வேறயா இருந்தா போன வருஷமே நின்னிருக்கும்."

"இனி ஓடுமா?"

"இப்பச் சொல்ல முடியாது. சூடு ஆறட்டும். எண்ணெய் உள்ள இறங்கட்டும். இறுகிப் பிடிச்ச இஞ்சின் விட்டா பிழைச்சுக்கும்."

குழந்தைவேலு ரோட்டுக்குப் போய்ப் பார்த்தார். திரும்பி வந்தார். மறுபடியும் போனார்.

"அம்மா, இதை இங்கயே போட்டுட்டு பஸ்ஸுல போயிடலாமுங்களா? நீங்க பேசுனா வேலை முடிஞ்சுடும்."

"போலாமே. பஸ்ஸு வந்தா கை காட்டுங்க."

கோகிலவாணி ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்து ஷாஜகான் கொடுத்த டீயைக் குடித்தார். சேலையில் கிரீஸ் கறை பெரிதாக அப்பியிருந்தது. அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

"சும்மா நிக்கறதுக்கு இந்தச் செயினைக் கழுவித் தர்றீங்களா?" என்று ஷாஜகான் கேட்டார். "எனக்கு இந்தப் பக்கம் பிரேக்கைப் பிரிக்கணும்."

ஒரு சட்டியில் டீசலும் பிரஷ்ஷும் வந்தன. குழந்தைவேலு வேட்டியை மடித்துக் கட்டி உட்கார்ந்தார். செயினில் மண்ணும் பிசுக்கும் சேர்ந்து ஒரே தடிப்பாக இறுகிக் கிடந்தது. தேய்த்தார். ஒரு கண்ணி தெரிந்தது. அடுத்ததற்குப் போனார். மடிய வேண்டிய இடத்தில் சில கண்ணிகள் மடியவே இல்லை. டீசலில் ஊற வைத்து, விரலால் இப்படியும் அப்படியும் அசைத்து விட்டார்.

பஸ் ஒன்று வந்தது. ஹாரன் அடித்தபடி மெதுவாகப் போனது. கோகிலவாணி அவரைப் பார்த்தார். அவர் நிமிரவில்லை.

குழந்தைவேலு தலையைத் தூக்காமலே பேசினார்.

"அம்மா, ருக்குமணிக்குக் காது சரியாக் கேக்காதுங்க."

"அப்படியா?"

"ஒரு காதுல இரைச்சலா இருக்குது, டாக்டரைப் பார்க்கணும்னு சொன்னா. பார்க்கலாமுன்னேன். அப்புறம் ஒருநாள் கேட்டா. சீசன் முடியட்டும்னேன். உரம் விக்கற நேரமுங்க அது. மறுபடியும் ஒரு தடவை கேட்டா. என்ன சொன்னேன்னு நெனப்பில்ல."

பிரஷ்ஷை டீசலில் முக்கினார்.

"அதுக்கப்புறம் அவ கேக்கவே இல்லீங்க. வேற எதையும் கேக்கல. அடுப்படிக் குழாய் ஒழுகுதுன்னுகூடச் சொல்லல. கீழ ஒரு சட்டிய வெச்சுக்கிட்டா."

"ம்."

"வீடு நிம்மதியா இருக்குதுன்னு நெனச்சனுங்க. தியானத்துக்கு வர ஆரம்பிச்சதாலதான் இந்த நிம்மதின்னு, மண்டபத்துக்கு வந்தவங்ககிட்டயெல்லாம் சொல்லியிருக்கேன்."

அவர் அழுதாரா, டீசல் கண்ணில் எரிந்ததா தெரியவில்லை. தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கோகிலவாணி எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கழுவி முடித்த செயினை வாங்கி, ஒரு துணியால் துடைக்கத் தொடங்கினார்.

வெயில் இறங்கியபோது ஷாஜகான் கிக்கரைக் கையால் பிடித்து மெல்ல அழுத்தினார். அசையவில்லை. இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டுக் காத்திருந்தார். மறுபடியும் அழுத்தினார். ஒரு நெளிவு வந்தது. பிறகு மெதுவாக இறங்கியது.

"விட்டுருச்சு," என்றார்.

புது ஆயில் ஊற்றினார். பிரேக்கையும் செயினையும் மாட்டினார். வண்டி இருமி, புகைவிட்டு, நின்று, பின் கிளம்பியது. அந்தக் கடகடப்பு இன்னும் கொஞ்சம் இருந்தது.

"இந்தச் சத்தம் போகாதுங்களா?" என்று குழந்தைவேலு கேட்டார்.

"உள்ள கொஞ்சம் தேஞ்சிருக்கும். முழுசாப் போகாது. ஆனா ஓடும். மெதுவாப் போங்க."

மெதுவாகவே போனார்கள். சென்னிமலையில் ருக்குமணியின் அக்கா பாவாத்தாள் வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. ருக்குமணி கூடத்தில் உட்கார்ந்து ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். அவர்கள் வாசலில் வந்து நின்றது அவளுக்குக் கேட்கவில்லை. பாவாத்தாள் தோளைத் தொட்ட பிறகுதான் திரும்பினாள். கோகிலவாணியைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டாள். கணவனைப் பார்த்தாள். அவர் வேட்டி முழுக்கக் கறுப்பாக இருந்தது.

"விழுந்துட்டீங்களா?" என்றாள்.

"இல்ல."

கோகிலவாணி தண்ணீர் வாங்கிக் குடித்தார். பிறகு, "தறியைப் பார்க்கலாமுங்களாக்கா?" என்று பாவாத்தாளோடு உள்ளே போய்விட்டார்.

குழந்தைவேலு தவித்துப்போனார். அம்மா பேசுவார் என்றுதானே வந்தது. கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ராட்டையின் பக்கத்தில் தரையில் உட்காரப் போனார். எந்தப் பக்கம் உட்காருவது என்று தெரியவில்லை. அப்படியே பாதியில் நின்றார்.

"எந்தக் காது, ருக்கு?"

அவள் அவரைப் பார்த்தாள். ராட்டையைப் பிடித்திருந்த கை அப்படியே இருந்தது.

"என்ன கேட்டீங்க?"

"எந்தக் காது கேக்கலைன்னு கேட்டேன். எனக்குத் தெரியல."

கோபமா அழுகையா என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி இருந்தது அவள் முகம்.

"இடது," என்றாள். "மொதல்ல இடது. இப்ப ரெண்டும்."

அவர் வலப்பக்கம் சுற்றி வந்து உட்கார்ந்தார்.

"வீட்டுக்கு வான்னு கூப்பிட வந்தீங்களா?"

"அப்படித்தான் கிளம்புனேன்."

"நான் இப்ப வரலீங்க."

"சரி."

அந்தச் 'சரி'யை அவள் எதிர்பார்க்கவில்லை. நூலை எடுத்தாள். மறுபடியும் கீழே வைத்தாள்.

"புதன்கிழமை ஈரோட்டுல காது டாக்டரைப் பார்க்கப் போறேன். அக்கா கூட்டிக்கிட்டுப் போறா."

"நானும் வரட்டுமா?"

"கடை?"

"பூட்டிக்கலாம்."

ருக்குமணி ராட்டையைச் சுற்றத் தொடங்கினாள். நூல் இரண்டு சுற்று ஏறியது.

"காலைல வெள்ளென வந்துடுங்க," என்றாள். "லேட்டானா டோக்கன் கிடைக்காது."

திரும்பி வரும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. மலை பின்னால் போயிற்று. குழந்தைவேலு மெதுவாக ஓட்டினார்.

"ஏம்மா, நீங்க அவகிட்ட ஒரு வார்த்தை பேசலீங்களே?"

"நீங்க பேசுனீங்களே."

இன்னும் கொஞ்ச தூரம் போனார்கள்.

"சரியாயிடுங்களா?"

"புதன்கிழமை போங்கண்ணா."

"போறனுங்க. அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் வியாழக்கிழமையும் போங்க."